18 லட்சம்னு ஊருக்கே சொல்லிட்டீங்க, தம்பி இப்ப எப்படி வெளிய வருவாரு?

அம்மா, உங்க வாய்ஸ் மெசேஜ் ரெண்டு தடவ கேட்டேன், உங்க பையன், தம்பி அனுப்புன ஆஃபர் லெட்டரையும் பாத்தேன். பெங்களூர்ல ஸ்டார்ட்டப், சேந்து 8 மாசம், காலைல 9 மணிக்கு போனா ராத்திரி 10 மணி, சனிக்கிழமையும் உண்டு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா வயித்த பெரட்டுதுன்னு சொல்றாரு. நீங்க "இவ்ளோ சம்பளத்த விட்டுட்டு வர்றதா"ன்னு கேக்குறீங்க. எவ்ளோ சம்பளம்னு மொதல்ல பாப்போம்.

18 லட்சம்ங்கறது சிடிசி, அதாவது தம்பிக்காக கம்பெனி ஒரு வருஷத்துக்கு போடுற மொத்த செலவு கணக்கு, கைக்கு வர்ற சம்பளம் இல்ல. அதுல 3 லட்சம் ஈசாப், அதாவது கம்பெனி பங்கு, காசு இல்ல. ஒன்றரை லட்சம் ஜாய்னிங் போனஸ், ஒரு தடவதான் வரும். இன்னொரு ஒன்றரை லட்சம் வேரியபிள், அதாவது வேலைய பாத்து குடுக்கறது, மேனேஜர் மனசு வெச்சா வரும். மிச்சம் 12 லட்சம், அதுலயும் கம்பெனி கட்டுற பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் உள்ள அடக்கம், கிராஜுவிட்டி பொதுவா 5 வருஷம் இருந்தாதான் கைக்கு வரும். கடைசில மாசம் 85 ஆயிரம் முன்ன பின்ன வருது. வாரம் 78 மணி நேரம் வேலைனு வெச்சா மணிக்கு சுமார் 250 ரூபா. கோயம்புத்தூர்ல 50 ஆயிரம் கைக்கு வர்ற, வாரம் 45 மணி நேர வேலையும் ஏறக்குறைய இதே கணக்குதான்மா, நீங்களே கால்குலேட்டர்ல போட்டு பாருங்க.

அதுக்காக நாளைக்கே பேப்பர் போட, அதாவது ராஜினாமா பண்ண சொல்லல. பிரஷர்லயும் ரெண்டு வகை இருக்கு. தெரியாத வேலைய தலைல போட்டு, திணறி கத்துக்கிட்டு வெளிய வர்றது ஒண்ணு, அத பல்ல கடிச்சிட்டு ஒரு வருஷம் தாங்கலாம், அடுத்த இன்டர்வியூல அதுதான் பேசும். இன்னொண்ணு ராத்திரி 11 மணிக்கு ஸ்லாக்ல, அதாவது ஆபீஸ் சாட்ல எல்லாரும் பாக்க திட்டு வாங்குறது, லீவு கேக்கவே பயப்படுறது, அதுல கத்துக்க ஒண்ணும் இல்ல. தம்பிகிட்ட "போன 3 மாசத்துல புதுசா என்ன கத்துக்கிட்ட"ன்னு கேட்டேன், ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "எக்ஸெல் ஷீட் அப்டேட் பண்றேன் சார்"னாரு.

ஈசாப்புக்காக 4 வருஷம் இருக்கட்டும்னு உங்க மச்சான் சொன்னாராமே, அந்த பங்கு மொத வருஷம் முடியுற வரைக்கும் ஒண்ணு கூட தம்பி பேருக்கு வராது, அதுக்கப்புறமும் காசு குடுத்துதான் வாங்கணும், வாங்கும்போது வரியும் வரலாம், கம்பெனி லிஸ்ட் ஆகலைனா விக்கிறதுக்கு ஆளு தேடணும். அத நம்பி உடம்ப அடகு வெக்க வேணாம்.

இன்னும் 4 மாசம் தாண்டுனா ஜாய்னிங் போனஸ் திருப்பி தர வேண்டியதில்லன்னு லெட்டர்ல இருக்கு. தூக்கமும் சாப்பாடும் ஓரளவு சரியா இருந்தா அதுவரைக்கும் இருந்துக்கிட்டே வேற வேலை தேடட்டும். இல்லையா, அந்த ஒன்றரை லட்சத்த தூக்கி குடுத்துட்டு வரட்டும், டாக்டருக்கு குடுக்கறதுக்கு இது பரவால்ல. நோட்டீஸ் குடுக்காம மட்டும் ஓடி வரக்கூடாது, ரிலீவிங் லெட்டர் இல்லாம அடுத்த கம்பெனில பழைய வேலைய பத்தி விசாரிக்கிற பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல மாட்டிப்பாரு. பிஎஃப்ப எடுக்க வேணாம், அதே யூஏஎன்ல, அதாவது அதே பிஎஃப் நம்பர்ல புது கம்பெனிக்கு மாத்திக்கலாம். மனசு ரொம்ப முடியலைன்னா 14416, டெலி மானஸ், மனநல உதவிக்கான அரசாங்க நம்பர், இலவசம், தமிழ்லயும் பேசுவாங்க.

இப்ப உங்க பக்கம் வரேன், கோவிச்சுக்காதீங்க. சரவணம்பட்டில பிளாட்டுக்கு அட்வான்ஸ் குடுக்க போறதா சொன்னீங்க, அத நிறுத்துங்க. 40 ஆயிரம் ஈஎம்ஐ வந்துட்டா தம்பியால அந்த வேலைய விடவே முடியாது, மேனேஜருக்கு அது தெரிஞ்சா இன்னும் மோசம். பொண்ணு வீட்டுலயும் 18 லட்சம்னுதான் சொல்லிருக்கீங்களாம், தம்பி எங்கிட்ட மொதல்ல சொன்னதே அதத்தான், "வேலைய விட்டா அம்மா என்ன சொல்லுவாங்க".

லெட்டர்ல நோட்டீஸ் பீரியட் இருக்கற பக்கம் மட்டும் போட்டோல தெளிவா இல்ல, 60 நாளா 90 நாளான்னு தெரியல. திரும்ப அனுப்ப சொல்லுங்க, பாத்துட்டு எந்த தேதில பேப்பர் போடலாம்னு சொல்றேன்.