மினி பன்றி எவ்வளவு பெரிதாகும்? கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: ‘டீ கப் பன்றி’ வீடியோ ஒன்றைப் பார்த்ததிலிருந்து அதுதான் வேண்டும் என்று மகள் அடம் பிடிக்கிறாள். வளர்ந்த பிறகும் ஐந்து கிலோதான் இருக்கும் என்கிறார் விற்பவர். நம்பலாமா டாக்டர்?

நம்பாதீர்கள். டீ கப், மைக்ரோ, நானோ எல்லாம் விற்பனைக்காக வைத்த பெயர்கள். அப்படி ஓர் இனமே கிடையாது. கோப்பைக்குள் உட்கார்ந்திருப்பது பிறந்து சில நாளே ஆன குட்டி. உலகிலேயே சிறிய பன்றி, அஸ்ஸாமின் மானஸ் பகுதிப் புல்வெளிகளில் வாழும் குள்ளப் பன்றி. அந்தக் காட்டு விலங்கே 6 முதல் 10 கிலோ வரை வரும். (அழிவின் விளிம்பில் இருப்பதால் சட்டப் பாதுகாப்பு பெற்றது. அதை வீட்டில் வளர்க்க முடியாது.) வீட்டுப் பன்றி ஐந்து கிலோவில் நின்றுவிடும் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் எதுவும் வாங்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் ‘மினி’ என்பதே பொய்யா?

பொய்யில்லை. எதோடு ஒப்பிட்டு மினி என்கிறோம் என்பதுதான் விஷயம். பண்ணையில் வளரும் வெள்ளை யார்க்‌ஷயர் முழுதாக வளர்ந்தால் 250, 300 கிலோ. அதன் பக்கத்தில் நிறுத்தினால் 60 கிலோ பன்றி சின்னதுதான். வியட்நாம் தொந்திப் பன்றி சாதாரணமாக 50 முதல் 70 கிலோ வரும், அதைத் தாண்டுவதும் உண்டு. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் வளர்த்துவந்த குனேகுனே 100 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1960களில் ஆய்வுக்கூடத்துக்காகவே உருவாக்கிய மினி பன்றி, அளந்து தீனி போட்டும் 35, 40 கிலோவுக்கு வந்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாகச் சிறியதைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தவர்களாலேயே அதற்குக் கீழே பெரிதாகக் குறைக்க முடியவில்லை.

கனடாவின் ஒன்டாரியோவில் 2012-ல் மைக்ரோ பன்றி என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட எஸ்தர், உண்மையில் பண்ணைப் பன்றி. 250 கிலோவைத் தாண்டி வளர்ந்தது. அதை வளர்த்தவர்கள் கைவிடவில்லை, அதற்காகப் பண்ணையே வாங்கினார்கள். எல்லாப் பன்றிக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

கேள்வி: குட்டியின் தாயையும் தகப்பனையும் நேரில் பார்த்தேன். இரண்டுமே சின்னதாகத்தான் இருந்தன. இது போதாதா?

அவற்றுக்கு என்ன வயது என்று கேட்டீர்களா? இந்த ரகங்களில் பெண் பன்றி நான்கு மாதத்திலேயே சினைப் பிடித்துவிடும். சினைக்காலம் 114 நாள். ஆக, நீங்கள் பார்த்த ‘தாய்’ எட்டு மாதக் குட்டியாகவே இருக்கலாம். பன்றி முழு அளவுக்கு வர நான்கைந்து வருடம் ஆகும். நான்கு வயது தாண்டிய பெற்றோரைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: தீனியைக் குறைத்துக் கொடுத்தால் சின்னதாகவே இருக்கும் என்கிறார்களே?

இந்த யோசனையால் பாழான குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். முதுகெலும்பு வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். தலை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கும். தோல் செதில் செதிலாக உரியும். பசி தாங்காமல் சுவரை நக்கும், கையில் எது கிடைத்தாலும் கடிக்கும். பிறகு ‘குணம் கெட்ட பன்றி’ என்று துரத்திவிடுவார்கள். அது பட்டினி கிடக்கும் பிராணி, அவ்வளவுதான். குட்டியைப் பட்டினி போட்டால் எலும்பும் உள்ளுறுப்பும் கெடும். உடம்பில் எழுதியிருக்கும் இனம் மாறாது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். இப்படி அளவு தீனி எழுதிக் கொடுத்து விற்பவரிடம் வாங்கவும் வாங்காதீர்கள்.

அதற்காகக் கேட்கும்போதெல்லாம் போடுவதும் தப்பு. கொழுத்த தொந்திப் பன்றிக்கு நெற்றிக் கொழுப்பு கண் மேல் மடிந்து விழுந்து பார்வையே மறைந்துபோகும். இடுப்பெலும்பை லேசாக அழுத்தினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. அதுதான் சரியான உடல்வாகு.

கேள்வி: தராசில் நிற்க மாட்டேன் என்கிறது. எடையை எப்படிப் பார்ப்பது?

தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அப்புறம் இரு காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடி வரை நீளம். இரண்டையும் மீட்டரில் எழுதி, சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69.3-ஆல் பெருக்குங்கள். சுற்றளவும் நீளமும் 90 செ.மீ. என்றால் ஏறக்குறைய 50 கிலோ. மாதம் ஒரு முறை குறித்து வையுங்கள். மருந்தளவு சொல்ல எங்களுக்கும் அது உதவும்.

கேள்வி: இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் வளர்க்கலாமா?

வேண்டாம். மண்ணை மூக்கால் கிளறுவது பன்றியின் பிறவிக் குணம். மண் இல்லாவிட்டால் தரைவிரிப்பையும் சோபாவையும் கிளறும். உடம்பைக் குளிரவைக்கப் போதுமான வியர்வை அதற்குக் கிடையாது, வெயில் காலத்தில் சேறும் நிழலும் வேண்டும். குடிக்கத் தண்ணீர் ஒன்றிரண்டு நாள் கிடைக்காமல் போனாலே, உடம்பில் உப்பு ஏறி வலிப்பு வரும். இத்தனையும் பதினைந்து வருடத்துக்கு மேல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்தோடு வீடு இருக்கிறது, உள்ளூர் விதிகள் அனுமதிக்கின்றன, பன்றியைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் பக்கத்தில் இருக்கிறார் என்றால் திரும்ப எழுதுங்கள், இனம் தேர்ந்தெடுப்பதைப் பற்றிப் பேசுவோம்.