லண்டனில் ஓடுவதுதான் அசலா?

கேள்வி: எங்கள் நகரின் பேலஸ் தியேட்டருக்குச் சுற்றுப்பயணமாக வந்திருந்த 'லே மிசராப்ள' இசைநாடகத்தைக் குடும்பத்தோடு பார்த்தேன். மனம் நெகிழ்ந்துபோய் நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "நீங்கள் பார்த்தது ஊர் ஊராகக் கொண்டுபோகும் நகல், அசல் லண்டனில்தான் ஓடுகிறது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அன்று கதாநாயகனைத் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவர் வேடத்தில் வழக்கமான நடிகர் வராமல் மாற்று நடிகர் வந்ததும் இப்போது உறுத்துகிறது. இன்னொரு முறை செலவழித்து லண்டன் சென்று பார்க்கத்தான் வேண்டுமா?
– மான்செஸ்டர் வாசகர்

பதில்: உங்கள் நண்பர் காலவரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். இந்த நாடகத்தின் விஷயத்தில் ஊர் ஊராகப் போனது லண்டனைப் பார்த்து எழுதப்பட்ட படி அன்று. லண்டன்தான் ஊர் ஊராகப் போனதைப் பின்னால் எடுத்துக்கொண்டது.

டிரெவர் நன்னும் ஜான் கேர்டும் இயக்கி, ஜான் நேப்பியர் மேடை அமைத்த ஆங்கிலத் தயாரிப்பு 1985 அக்டோபரில் லண்டன் பார்பிக்கன் அரங்கில் தொடங்கியது. அன்றைய விமர்சகர்களில் பலர் அதை உதட்டைப் பிதுக்கியே வரவேற்றார்கள். டிக்கெட் வாங்க வரிசையில் நின்றவர்கள் விமர்சகர்களைப் பொருட்படுத்தவில்லை. அந்த மேடையின் உயிர் அதன் சுழல்மேடை. கிளர்ச்சி செய்யும் மாணவர்கள் எழுப்பும் தடுப்பரண் இருபுறத்திலிருந்தும் நகர்ந்து வந்து ஒன்றாகப் பொருந்தும்; அது, சண்டை ஓய்ந்தபின் மெல்லச் சுழன்று, அதுவரை நமக்கு மறைந்திருந்த மறுபக்கத்தையும் அங்கே மாணவர் தலைவன் உயிரற்றுக் கிடப்பதையும் காட்டும். ஒரு சொல்லும் இல்லாமல், இசை மட்டும் ஒலிக்க, பார்வையாளர் மூச்சடங்கிப்போகும் கட்டம் அது.

இந்தத் தயாரிப்பின் 25ஆம் ஆண்டை ஒட்டி, தயாரிப்பாளர் கேமரன் மெக்கின்டாஷ் முற்றிலும் புதிய மேடையாக்கம் ஒன்றைச் செய்யச் சொன்னார். லாரன்ஸ் கானர், ஜேம்ஸ் பவல் ஆகியோர் அதை இயக்கினார்கள். மேடையை மாட் கின்லி வடிவமைத்தார். அது முதலில் மேடையேறியது லண்டனில் அன்று. 2009 டிசம்பரில் கார்டிஃப் நகரின் வேல்ஸ் மில்லேனியம் சென்டரில் தொடங்கி, அங்கிருந்து ஊர் ஊராகப் புறப்பட்டது. 2010 செப்டம்பரில் அது பார்பிக்கனுக்கு வந்தபோது, லண்டனின் இன்னொரு மூலையில் குவீன்ஸ் தியேட்டரில் பழைய தயாரிப்பும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நகரத்தில் ஒரே நாடகம் இரண்டு உருவங்களில் நடந்த விசித்திரம் அது. கடைசியில் 2019 ஜூலையில் பழைய தயாரிப்பு 33 ஆண்டுகளுக்கும் மேலாக ஓடி நின்றது. குவீன்ஸ் தியேட்டர் புதுப்பிக்கப்பட்டு, சோன்ட்ஹைம் தியேட்டர் என்ற புதுப்பெயருடன் அதே ஆண்டு டிசம்பரில் திறந்தபோது, அங்கே ஏறியது சுற்றுப்பயணத்தில் பிறந்த அந்தப் புதிய மேடையாக்கமே. நியூயார்க்கில் 2014இல் மறுபடி மேடையேறியதும் அதுதான்.

அதற்காகப் புதியது எல்லா வகையிலும் மேல் என்று நான் சொல்ல வரவில்லை. சுழல்மேடை போனது இழப்புத்தான். அந்த ஒரு கட்டத்தின் மௌனத்துக்கு ஈடான எதையும் புதியவர்கள் கண்டுபிடித்துவிடவில்லை என்பதே என் எண்ணம். அதற்குப் பதிலாக அவர்கள் மூல நாவலை எழுதிய விக்டர் ஹ்யூகோவிடமே திரும்பிப் போனார்கள். ஹ்யூகோ நாவலாசிரியர் மட்டும் அல்லர். மையைக் கரைத்து, இருண்ட கோட்டைகளையும் கொந்தளிக்கும் கடலையும் வரைந்து குவித்த ஓவியரும்கூட. அந்த ஓவியங்களின் சாயல்தான் நீங்கள் மேடையின் பின்திரையில் பார்த்தது. காயம்பட்ட இளைஞனைத் தோளில் சுமந்துகொண்டு கதாநாயகன் வால்ஜான் பாரிஸ் நகரின் சாக்கடைச் சுரங்கத்தில் நடக்கும் காட்சியில், நடிகர் ஓரிரு அடிகளே எடுத்து வைக்க, சுரங்கம் அவரைக் கடந்து பின்னோக்கி நகருவதுபோல் ஒளிப்படங்கள் ஓடியதைக் கவனித்திருப்பீர்கள். ஜாவர் ஆற்றில் விழும் கட்டமும் அதே உத்தியால் அமைந்ததே. சுமந்து செல்லவும் மாற்றிப் பூட்டவும் தோதான மேடை என்பதால் மட்டும் அது தாழ்ந்ததாகிவிடாது.

'அசல்' என்ற சொல்லில் நண்பர் மேலும் பிடிவாதம் பிடித்தால், அவரை லண்டனோடும் நிற்கவிடாதீர்கள். க்ளோத்-மிஷேல் ஷோன்பேர்க் இசையமைத்து, ஆலன் பூப்ளீல் எழுதிய இந்த நாடகம் முதன்முதலில் 1980இல் பாரிஸில், விளையாட்டுப் போட்டிகளும் நடக்கும் ஒரு பெரிய உள்ளரங்கில், பிரெஞ்சு மொழியில் நடந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து ஹெர்பர்ட் கிரெட்ஸ்மர் ஆங்கிலத்தில் பாடல்களை எழுத, காட்சிகளைக் கூட்டியும் குறைத்தும் செய்யப்பட்ட மறு ஆக்கமே லண்டன் கண்டது. அதற்கும் முன்னால் 1862இல் வெளிவந்த நாவல் இருக்கிறது. நாவலுக்கு வந்துவிட்டால் நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு: சுத்தானந்த பாரதியார் தமிழாக்கிய அந்தக் கதை 1950இல் 'ஏழை படும் பாடு' என்ற படமானபோது, நாகையாவைத் துரத்தும் போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமன், அதன்பின் ஆயுள் முழுவதும் 'ஜாவர்' சீதாராமன் ஆனார். நகல் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள், ஒரு நகல் ஒருவருக்குப் பெயரையே மாற்றிவிட்டதை நினைவில் வைக்கட்டும்.

இனி, உங்களை உறுத்துகிற மாற்று நடிகர். இத்தகைய நாடகங்கள் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் நடக்கின்றன. ஏறத்தாழ மூன்று மணி நேரம், வசனம் என்று தனியாக எதுவும் இல்லாமல், தொடக்கம் முதல் முடிவு வரை பாடியே நடிக்க வேண்டிய நாடகத்தில், ஒரே தொண்டை எட்டுக் காட்சிகளையும் மாதக்கணக்கில் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆகவே முக்கிய வேடங்கள் ஒவ்வொன்றுக்கும் மாற்று நடிகர்கள் ஒத்திகை பார்த்துத் தயாராக இருக்கிறார்கள். மற்ற நாள்களில் அவர்களே கைதியாகவும் பிச்சைக்காரராகவும் மாணவராகவும் கூட்டத்தில் நிற்பவர்கள். ஒருவர் ஜாவராக மேலே ஏறியதும் கூட்டத்தில் விழும் இடத்தை நிரப்ப, பல வேடங்களின் அசைவுகளையும் மனப்பாடமாக வைத்திருக்கும் 'ஸ்விங்' நடிகர்கள் வேறு. சிறுவர் வேடங்களுக்கோ, குழந்தைகள் இத்தனை காட்சிகளுக்கு மேல் நடிக்கக்கூடாது என்று சட்டமே இருப்பதால், பிள்ளைகளை முறைவைத்தே ஏற்றுகிறார்கள். லண்டனிலும் இதே ஏற்பாடுதான். அங்கே போனாலும் அன்றைக்கு மாற்று நடிகர் வரமாட்டார் என்று யாரும் உங்களுக்கு எழுதித் தரப் போவதில்லை. மேலும், உங்களை நெகிழ வைத்தவர்களில் அவரும் ஒருவர்தானே? நெகிழ்ந்த பிறகு அறிவிப்புச் சீட்டைப் படித்துவிட்டு அந்த நெகிழ்ச்சியைத் திரும்பப் பெற்றுக்கொள்வது என்ன முறை என்று எனக்கு விளங்கவில்லை.

சுற்றுப்பயணத்தில் உண்மையாகவே குறையக்கூடியவை வேறு. பேலஸ் தியேட்டர் 1891இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 2,000 பேர் அமரும் அரங்கம். ஒலிபெருக்கி பிறப்பதற்கு முன் கட்டப்பட்ட இத்தகைய கூடங்களில், மேல்மாடம் முன்னால் நீண்டிருப்பதால் கீழே பின்வரிசையில் இருப்பவருக்கு மேடையின் உச்சி மறையும். மேல்மாடத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கு நடிகரின் முகத்தைவிட உச்சந்தலைதான் நன்றாகத் தெரியும். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடும் நாடகம் தன் அரங்கத்தின் காதை அறிந்து ஒலியைப் பதம் பார்த்து வைத்திருக்கும். பயணக்குழுவுக்கோ ஒவ்வோர் ஊரும் புதுக் கூடம். லாரிகளிலிருந்து இறக்கிய மேடையைப் பூட்டி, உள்ளூர்ப் பணியாளர்களோடு விளக்குகளைக் குறிவைத்து, ஒலியைச் சரிபார்த்து, முதற்காட்சிக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். பாடல் வரிகள் தெளிவாகக் கேட்கவில்லை என்றோ, இசைக்குழு சன்னமாக ஒலித்தது என்றோ நீங்கள் எழுதியிருந்தால் நான் உங்கள் பக்கம் பேசியிருப்பேன். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

நண்பர் தமிழராக இருந்தால் அவர் பேச்சு இன்னும் வியப்பளிக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கிய காலத்தில், நம் நாடகம் என்பதே பாட்டும் பயணமுமாக இருந்தது. படுதாக்களையும் சீன் சாமான்களையும் ஹார்மோனியத்தையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு, ஓர் ஊரில் கொட்டகை போட்டு வாரக்கணக்கில் முகாமிட்டு, வசூல் குறைந்ததும் அடுத்த ஊருக்குப் புறப்பட்டார்கள். சென்னையும் அவர்களுக்கு இன்னொரு முகாம்தான். ராஜபார்ட்டுக்குக் குரல் உடைந்துவிட்டால் அடுத்த பையன் வேடம் கட்டுவான். திண்டுக்கல்லில் பார்த்தவனிடம், நீ பார்த்தது மதுரையின் நகல் என்று எவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொட்டகையில் சிரித்திருப்பார்கள்.

லண்டன் போவதா வேண்டாமா என்பதை உங்கள் பணப்பை தீர்மானிக்கட்டும். பிடித்த நாடகத்தை இரண்டாம் முறை பார்ப்பதில் தவறு ஏதும் இல்லை. அசலைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் போகாதீர்கள். அதற்கு முன்பாக நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் லண்டனில் எந்த ஆண்டு பார்த்தார்? 2019 ஜூலைக்கு முன் என்றால், நீங்கள் தவறவிட்ட சுழல்மேடையைப் பற்றி அவரிடம் விரிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு என்றால், அவர் சோன்ட்ஹைம் தியேட்டரில் பார்த்து வந்தது, கார்டிஃபிலிருந்து புறப்பட்டு உங்கள் ஊருக்கும் வந்த அதே மேடையாக்கத்தைத்தான்.