ஜப்பான் பள்ளியோடு பேரிடர் பாடம்: மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: காசிமேடு பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இயற்கைப் பேரிடருக்குத் தயாராவது பற்றி எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு திட்டம் செய்யலாமா என்று, தெரிந்தவர் ஒருவர் மூலம் ஜப்பானில் ஒரு பள்ளி கேட்டிருக்கிறது. தலைமையாசிரியர் சரி என்றுவிட்டார். ஆனால் 38 பிள்ளைகளில் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசுகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட் போர்டு. நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கைதட்டி போட்டோ எடுத்ததோடு முடிகிற நிகழ்ச்சியாக ஆகிவிடக் கூடாது. எங்கிருந்து தொடங்குவது? – ஓர் ஆசிரியை

பதில்: டீச்சர், அந்தப் போட்டோ பயம் நியாயமானது. பள்ளிகளுக்குப் பேரிடர் பயிற்சி கொடுக்கப் போகிற இடங்களில், இப்படித் தொடங்கிய கூட்டுத் திட்டங்கள் பல முதல் வீடியோ காலிலேயே படுத்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கம் நாற்பது பேர் கையாட்டுவார்கள், அந்தப் பக்கம் முப்பது பேர். ஒரு வணக்கம், ஒரு கொன்னிச்சிவா, ஒரு டான்ஸ். அப்புறம் சத்தம் வராது. ‘ஹலோ, கேக்குதா’ என்பதிலேயே பீரியட் போய்விடும்.

அதனால் வீடியோ காலைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மாதத்துக்கு ஒரு கட்டு அனுப்பினால் போதும்: பிள்ளைகள் வரைந்த படம், நான்கைந்து போட்டோ, ஒரு நிமிட வீடியோ, கூடவே மூன்று கேள்விகள். நெட் வரும்போது அனுப்பலாம், பதில் வந்ததும் நிதானமாகப் போட்டுக் காட்டலாம். நேரக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது; நம் காலை 9.30 அவர்களுக்கு மதியம் 1 மணி. நேரில் பேச உங்களுக்குக் கிடைப்பது முதல் இரண்டு பீரியட்தான். இங்கிலீஷ் பற்றிய கவலையையும் விடுங்கள், அந்தப் பிள்ளைகளும் அதைப் பாடமாகப் படிப்பவர்கள்தான். சின்னச் சின்ன வாக்கியமாகத் தமிழில் எழுதச் சொல்லி, போனில் மொழிபெயர்த்து அனுப்பினால் காரியம் நடக்கும். படத்துக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

சரி, எதை அனுப்புவது? பேரிடர் பற்றி வெளிநாட்டுப் பிள்ளைகளிடமிருந்து நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளும் தகவலெல்லாம் எப்படியும் நெட்டில் கிடைக்கும். நெட்டில் கிடைக்காதது அவர்கள் கேட்கும் கேள்வி. நம் தெருவைப் பார்த்தே இராத ஒரு பிள்ளைக்கு நம் தெருவை விளக்கும்போதுதான், நாம் கவனிக்காமல் விட்டதெல்லாம் வெளியே வரும். திருவொற்றியூர் பக்கம் ஒரு பள்ளியில், வெள்ளம் வந்தால் என்ன செய்வோம் என்று பிள்ளைகள் வரைந்து அனுப்பினார்கள். தரைத்தளத்தில் நீல நிறத் தண்ணீர், படிக்கட்டில் வரிசையாகப் பிள்ளைகள், மொட்டை மாடியில் டீச்சர் கொடி பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: ‘மாடிக் கதவு பூட்டியிருக்குமா? சாவி யாரிடம் இருக்கும்?’ பிள்ளைகள் மேலே போய்ப் பார்த்தார்கள். கிரில் கேட்டில் கைப்பிடி அளவு பூட்டு, துருப்பிடித்துக் கிடந்தது. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். பிள்ளைகள் மேலே ஏறிவிடக் கூடாது என்று போட்ட பூட்டு அது. அதுவும் நல்ல காரணம்தான். இப்போது அங்கே மூன்று சாவிகள் இருக்கின்றன. ஒன்று தலைமையாசிரியர் அறையில், ஒன்று வாட்ச்மேனிடம், ஒன்று படிக்கட்டுப் பக்கத்து வகுப்பு டீச்சரிடம். அந்த வருடம் நான் கொடுத்த பயிற்சியில் இவ்வளவு பயனுள்ள ஒன்று இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜப்பானிடமிருந்து அப்படியே காப்பியடிக்கக் கூடாது என்பதற்கும் இந்த மாடிதான் காரணம். அவர்கள் கட்டாயம் காமாய்ஷி என்ற கடலோர ஊரின் சுனாமிக் கதையைச் சொல்வார்கள். 2011 மார்ச் 11 மதியம் 2.46க்கு நிலம் குலுங்கியது. கடலோரத்தில் இருந்த நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவிப்புக்குக் காத்திராமல் ஓடினார்கள். அதைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் ஓடினார்கள். பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முன்பே குறித்து வைத்திருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தும், பின்னால் இருந்த சரிவில் மண் சரிவதைப் பார்த்து, இது போதாது என்று இன்னும் மேலே ஏறினார்கள். பள்ளியும் அந்த முதல் இடமும் பிறகு தண்ணீருக்குள் போயின. சேர்ந்து ஓடிய பிள்ளைகள் பிழைத்தார்கள். அவர்களுக்குப் பல வருடம் பயிற்சி கொடுத்த பேராசிரியர் தொஷிதாகா கதாதா மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்திருந்தார்: முன்கூட்டிப் போட்ட கணக்கை நம்பி உட்காராதே, அந்த நேரத்தில் முடிந்ததையெல்லாம் செய், முதலில் ஓடுகிறவன் நீயாக இரு. அதே நாளில் இஷினோமாக்கி நகரில் இன்னொரு பள்ளி, பின்னால் குன்று இருந்தும், எங்கே போவது என்று முடிவெடுக்காமல் ஐம்பது நிமிடம்போல மைதானத்திலேயே காத்திருந்தது. அங்கே 74 பிள்ளைகளின் உயிர் போனது. இந்த இரண்டாவது கதையை ஏழாம் வகுப்புக்குச் சொல்லாதீர்கள். ஆசிரியர் அறையில் சொல்லுங்கள்.

நம் ஊருக்கு வருவோம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஓடினாலும் ஏற ஒரு குன்று கிடையாது. நமக்கு மேடு என்றால் மாடிதான். இன்னொரு வித்தியாசம் நேரம். 2004 டிசம்பர் 26 காலை 6.28க்கு சுமத்ரா பக்கம் நிலநடுக்கம். அலை நம் கரையைத் தொட்டபோது மணி ஒன்பதை நெருங்கிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் சொல்ல ஆள் இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007-ல்தான். ஆக, ஜப்பான் பிள்ளைக்குக் குலுக்கலே எச்சரிக்கை; நம் பிள்ளைக்கு, வந்த எச்சரிக்கை வீடு வரை போய்ச் சேருவதுதான் பிரச்சினை. கடல் திடீரென்று உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க இறங்காமல் திரும்பி ஓட வேண்டும் என்பது மட்டும் இரண்டு ஊருக்கும் பொது.

எச்சரிக்கை போய்ச் சேருவதை வைத்தே ஒரு நல்ல பாடம் எடுக்கலாம். துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பது காசிமேட்டுப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. 1 முதல் 11 வரை என்ன அர்த்தம் என்று அவர்களே அப்பாவிடம் கேட்டு எழுதட்டும். ஜப்பானில் பொதுமக்களுக்கு ஐந்து படி எச்சரிக்கை: மூன்றாம் படியில் முதியவர்கள் கிளம்ப வேண்டும், நான்காம் படியில் எல்லோரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் பிள்ளைகளே ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள். நம் கூண்டு கப்பலுக்குச் சொல்கிறது, வீட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்குச் சொல்வது வானிலை மையத்தின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. அந்த நிறங்கள் வந்தால் உங்கள் வீட்டில் யார் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ‘லீவு விடுவாங்க’ என்றுதான் பதில் வரும். பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

நீங்கள் அனுப்பும் கட்டுகளில் முதலாவது தண்ணீர் வரைபடமாக இருக்கட்டும். 2015, 2023 இரண்டு டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டில் கேட்டு, டெய்லர் டேப்பால் அளந்து, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, சென்டிமீட்டரில் எழுத வேண்டும். பாட்டிகள் சென்டிமீட்டரில் சொல்ல மாட்டார்கள். ‘கட்டில் முங்கிச்சு’, ‘மிக்ஸி வச்ச திட்டு வரைக்கும்’ என்பார்கள். அதையே அளக்கலாம். 38 வீட்டு அளவையும் தெரு வரைபடத்தில் ஏற்றினால் எந்தச் சந்து முதலில் முழுகுகிறது, எந்த முனை கடைசிவரை காய்ந்து கிடக்கிறது என்று தெரிந்துவிடும். மூடி இல்லாத மழைநீர் வடிகால், இடுப்பளவு உயரத்தில் நிற்கும் ஈ.பி. பெட்டி, இரண்டையும் சிவப்பில் குறிக்கச் சொல்லுங்கள். நம் ஊர் வெள்ளத்தில் நடக்கும்போது உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இந்த இரண்டால்தான்.

இரண்டாவது கட்டு, பை. ஜப்பானில் வீட்டுக்கு வீடு அவசரப் பை தயாராக வைக்கச் சொல்வார்கள். பல பள்ளிகளில் தலையில் மாட்டும் பஞ்சு வைத்த தொப்பி நாற்காலியிலேயே தொங்கும். அவர்கள் பட்டியல் தண்ணீர், பிஸ்கட், டார்ச், விசில் என்று போகும். நம் பிள்ளைகளை அதைப் பார்ப்பதற்கு முன்பே எழுதச் சொல்லுங்கள். முன்பு ஒரு வகுப்பில் ஒரு பையன் முதல் வரியாக ‘இன்ஜின்’ என்று எழுதினான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் அப்பாவுக்கு ஃபைபர் போட்டு. புயல் என்றால் அந்த வீட்டில் முதலில் கரைக்கு ஏறுவது போட்டில் மாட்டியிருக்கும் இன்ஜின். அது போனால் அப்புறம் கடன்தான். அவன் எழுதியது சரிதான், பைக்குள் போகாது என்பது மட்டும்தான் குறை. ரேஷன் ஸ்மார்ட் கார்டு, ஆதார், பாஸ்புக், பாட்டியின் மாத்திரைச் சீட்டு, எல்லாம் ஒரு ஜிப் கவரில். இதைப் பிள்ளைகள் வீட்டில் நிஜமாகவே எடுத்து வைத்து, கவரை மட்டும் போட்டோ எடுத்து வந்தால் போதும். உள்ளே இருக்கும் கார்டுகளைப் படம் எடுக்கக் கூடாது.

வடசென்னைக்கென்று ஒன்று உண்டு, அதை ஜப்பான் பட்டியலில் தேடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ந்தேதி நள்ளிரவில் எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். இயற்கைப் பேரிடர் என்ற தலைப்புக்குள் இது வராது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஆலைகளுக்கு நடுவில் வெள்ளம் தனியாக வராது. வெள்ளம் என்றால் மேலே. நிலம் குலுங்கினால் மேசைக்குக் கீழே. வாயு என்றால் மூக்கில் ஈரத்துணியோடு காற்று வீசும் திசைக்குக் குறுக்கே. இந்த மூன்றும் மாறிப் போகாமல் பிள்ளைக்கு வர வேண்டும். விசில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துக்கொண்டு பிரேயர் முடிந்ததும் பத்து நிமிடம் விளையாட்டாகப் பழக்கலாம். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குக் கடிதம் கொடுத்தால் செய்துகாட்ட வருவார்கள்.

சின்ன இடைச்செருகல்: ஜப்பான்தான் வேண்டும் என்று இல்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் முல்லைத்தீவிலோ மட்டக்களப்பிலோ இன்னொரு பள்ளியையும் சேர்த்துக்கொள்வேன். அங்கேயும் தமிழ்தான், கடிகாரமும் ஒன்று, 2004-ல் அடித்த அலையும் ஒன்று. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் நம் பக்கம் திரும்பியது. புயல் பெயரே ஒரு கூட்டு முயற்சிதான், பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்: இந்தியா, இலங்கை உட்பட 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர் கொடுத்து வைத்திருக்கின்றன. மிக்ஜாம் மியான்மர் கொடுத்தது, மாண்டஸ் ஐக்கிய அரபு அமீரகம், ஃபெஞ்சல் சவுதி அரேபியா.

எப்போது செய்வது? வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும், அப்புறம் லீவு, அரையாண்டுத் தேர்வு. ஜூலையில் தொடங்கி செப்டம்பருக்குள் வரைபடமும் பையும் முடிய வேண்டும். வீடியோ காலை நவம்பர் 5, உலக சுனாமி விழிப்புணர்வு நாளுக்கு வையுங்கள். அன்றைக்கு மழை என்றால் தள்ளிப் போடுங்கள், வானம் வெளுத்தால் நடத்துங்கள்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். கல்வி அலுவலகத்துக்கும் பெற்றோருக்கும் எழுத்தில். பிள்ளையின் முழுப்பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எதுவும் வெளியே போகக் கூடாது. எல்லாம் பள்ளியின் மெயில் வழியாக மட்டும். இன்னொன்று, வெள்ளத்தில் வீட்டில் யாரையாவது இழந்த பிள்ளை இருந்தால் அதைக் கேமரா முன்னால் சொல்லவைக்காதீர்கள். தானாகச் சொன்னால் கேளுங்கள், அனுப்பாதீர்கள். அவர்கள் நம் பிள்ளைகளைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்றால் திட்டம் அங்கேயே கெட்டுவிடும்.

கடைசியாக, ஜப்பான் பிள்ளைகளிடம் 171 பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். பேரிடர் நேரத்தில் அந்த எண்ணில் குரல் பதிந்து வைத்தால் குடும்பத்தார் பிறகு கேட்டுக்கொள்ளலாம். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை, மிக்ஜாமில் பல இடங்களில் டவரே போய்விட்டது. அதற்குப் பதில், தண்ணீர் வராத ஊரில் இருக்கும் ஒரு அத்தையோ மாமாவோ போதும். பிரிந்துவிட்டால் எல்லோரும் அவருக்கே போன் செய்வது என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்ளலாம். வகுப்பில் எத்தனை பேருக்கு ஒரு நம்பராவது மனப்பாடம் என்று கேட்டுப் பாருங்கள். எல்லாம் போனுக்குள் இருக்கும், போன் தண்ணீருக்குள் இருக்கும். நோட்டில் எழுதினால் நனைந்துவிடும். பெர்மனன்ட் மார்க்கர் வாங்கி, ஜியாமெட்ரி பாக்ஸ் மூடியின் உள்பக்கம் எழுதவையுங்கள்.