முறைப்பாடே இல்லாத இல்லம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தங்கை மகள் அமெரிக்காவில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் தாதியாகப் பணிபுரிகிறாள். இத்தகைய இல்லங்களில் தங்கியிருப்போரின் முறைப்பாடுகளை அந்நாட்டு அரசே ஆண்டுதோறும் எண்ணி வெளியிடுகிறதென்றும், அத்தொகை ஏறத்தாழ 2 இலட்சம் என்றும் சொன்னாள். வசதி படைத்த நாட்டில் முதியோரின் நிலை இவ்வளவு மோசமா? என் பெரியம்மா தங்கியிருக்கும் இல்லத்தில் இதுவரை ஒரு முறைப்பாடுகூட வந்ததில்லை என்று அதன் பொறுப்பாளர் பெருமையோடு சொல்கிறாரே?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, பொகவந்தலாவை)

பதில்: அந்த 2 இலட்சம் எதன் கணக்கு என்பதை முதலில் பார்ப்போம், சகோதரி. அமெரிக்காவில் 1965இல் இயற்றப்பட்ட முதியோர் சட்டத்தின் கீழ், நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் வாழ்வோருக்காகப் பேசும் ஒம்புட்ஸ்மன் (குறைகேட்பவர்) திட்டம் ஒன்று நடைபெறுகிறது. 1972இல் ஒருசில மாநிலங்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கிய இதனை, ஒவ்வொரு மாநிலமும் நடத்தியே ஆகவேண்டுமென 1978இல் வந்த திருத்தம் கட்டாயமாக்கியது. சம்பளம் பெறும் ஊழியர்களோடு பயிற்சி பெற்ற தொண்டர்களும் ஆயிரக்கணக்கில் இதில் உள்ளனர். இவர்கள் இல்லங்களுக்குச் சென்று, கட்டிலருகே அமர்ந்து, அங்குள்ளவர் சொல்வதைக் கேட்டு, அவர் விரும்பினால் அவருக்காக நிர்வாகத்துடன் பேசுகிறார்கள். இல்லத்தைப் பரிசோதித்துத் தண்டம் விதிக்கும் அதிகாரிகள் வேறு. அந்த அதிகாரம் ஒம்புட்ஸ்மனுக்கு இல்லை. ஒக்டோபர் 1 முதல் அடுத்த ஆண்டு செப்டெம்பர் 30 வரையிலான நிதியாண்டில் எத்தனை முறை சென்றார்கள், என்ன கேட்டார்கள், அது எப்படி முடிந்தது என்பதையெல்லாம் ஒவ்வொரு மாநிலமும் ஒரே வகையான படிவத்தில் மத்திய அரசுக்கு அனுப்புகிறது. உங்கள் தங்கை மகள் சொன்ன தொகை இந்த அறிக்கைகளைக் கூட்டியதால் வந்தது.

ஆகவே அது இல்லங்களின் குற்றப் பட்டியல் அன்று. அழைப்பு மணியை அடித்தும் ஆள் வரவில்லை என்பதும் அதில் உண்டு. உணவு ஆறிப்போய் வந்தது, சலவைக்குப் போன சேலை திரும்பவில்லை என்பனவும் உண்டு. பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்பது, உரிய முறையின்றி ஒருவரை இல்லத்திலிருந்து வெளியேற்ற முனைவது பற்றிய முறைப்பாடாகும். வெளியேற்றுவதாயின் பொதுவாக 30 நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதும், அதன் பிரதியை ஒம்புட்ஸ்மன் அலுவலகத்துக்கும் அனுப்பவேண்டும் என்பதும் அங்குள்ள விதி. ஒம்புட்ஸ்மனைத் தொடர்புகொள்ளும் விபரத்தை எல்லோருக்கும் தெரியும்படி இல்லத்தில் ஒட்டியும் வைக்கவேண்டும். கேட்பதற்கு ஆள் இருக்கிறார் என்று தெரிந்தவர்கள் வாய்திறக்கிறார்கள், தொகை கூடுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கொவிட் பரவிய 2020 மார்ச்சில், வெளியார் உள்ளே செல்வதற்கு அந்நாட்டுப் பராமரிப்பு இல்லங்களில் தடை வந்தது. ஒம்புட்ஸ்மன் தொண்டர்களும் வாசலோடு நின்று, தொலைபேசியில் மட்டும் பேசவேண்டியதாயிற்று. இல்லங்களில் மரணங்கள் மலிந்த அந்த ஆண்டில், பதிவான முறைப்பாடுகள் முந்திய ஆண்டைவிடக் குறைந்தன. தொகை குறைந்ததை வைத்து அவ்வாண்டில் பராமரிப்பு மேம்பட்டது என்று யாராவது சொல்வார்களா?

உங்கள் பெரியம்மாவின் விடயத்துக்கு வருகிறேன். அவர் தோட்டத்தில் கொழுந்து பறித்தவராக இருப்பின், நிறுவையில் குறைத்துவிட்டார்கள் என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டால் மறுநாள் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழும் என்ற அச்சத்திலேயே வாழ்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர். அத்தகையவரிடம் பொறுப்பாளர் பக்கத்தில் நிற்கும்போது 'குறை ஏதும் உண்டா?' என்று கேட்டால், 'ஒண்ணுமில்லைங்க' என்பதைத் தவிர வேறு விடை வராது. பராமரிப்பவர் சிங்களம் மட்டுமே பேசுபவராயின், கேள்வியே அவருக்குப் புரிந்திருக்குமா என்பதும் ஐயமே. முறைப்பாடு வரவில்லை என்று பெருமைப்படும் பொறுப்பாளரிடம், முறைப்பாடு செய்ய விரும்பும் ஒருவர் யாரிடம், எந்த மொழியில், எந்த நேரத்தில் சொல்லலாம் என்று கேட்டுப்பாருங்கள். அவருடைய விடையைக் கேட்ட பின் அந்தப் பெருமையை எடைபோடலாம்.

கேள்வி: அந்த அறிக்கைகளில் முறைப்பாடு தீர்க்கப்பட்டது என்று யார் முடிவு செய்கிறார்கள்? நிர்வாகம் தீர்ந்தது என்று எழுதினால் போதுமா?
(வாசகர் ஒருவர், ஹற்றன்)

பதில்: போதாது. முறைப்பாட்டைக் கொண்டுவந்தவர் இல்லத்தில் வாழ்பவரா, உறவினரா, ஊழியரா என்பதும், சொன்னது உண்மை நிலையோடு பொருந்தியதா என்பதும் பதிவாகின்றன. முடிவைப் பதியும்போது மட்டும் அளவுகோல் வேறு. முறைப்பாடு முழுமையாகவோ ஓரளவோ தீர்ந்தது என்பதற்கு, அங்கு வாழ்பவர், அல்லது அவருக்குப் பதிலாகப் பேசும் உரிமையுள்ளவர், அல்லது முறையிட்டவர் திருப்தியடைந்தாரா என்பதே பார்க்கப்படுகிறது. விடியற்காலை 5 மணிக்குக் குளிப்பாட்டுவது வேண்டாம் என்கிறார் ஒரு மூதாட்டி என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகம் வேலை அட்டவணையைக் காட்டி, விதி எதுவும் மீறப்படவில்லை என நிறுவலாம். ஆனால் குளிர்நீர் தோளில் விழுவது இன்னும் 5 மணிக்கே என்றால், அறிக்கையில் அது தீராத முறைப்பாடுதான். ஏறத்தாழ பத்தில் ஏழு முறைப்பாடுகள் முழுமையாகவோ ஓரளவோ தீர்ந்தவையாகப் பதிவாகின்றன. மீதியில், முறையிட்டவரே திரும்பப் பெற்றவை ஒருபுறம். திருப்தியின்றி முடிந்தவை இன்னொருபுறம்.

மாநிலத்துக்கு மாநிலம் தொகையை ஒப்பிட்டு நல்லது கெட்டது சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 2,000 கட்டில்களுக்கு முழுநேர ஊழியர் ஒருவராவது வேண்டுமென அந்நாட்டு மருத்துவக் கழகத்தின் அறிக்கையொன்று 1995லேயே பரிந்துரைத்தது. ஆள்பலம் எல்லா மாநிலத்திலும் ஒன்றாக இல்லை. ஆளில்லாத இடத்தில் முறைப்பாடும் குறைவாகவே பதிவாகும்.

கேள்வி: நம் நாட்டிலும் ஒம்புட்ஸ்மன் இருக்கிறாரே, அவரிடம் முதியோர் இல்லம் பற்றி முறையிடலாமா?
(வாசகி ஒருவர், தலவாக்கலை)

பதில்: பெயர் ஒன்றாயினும் வேலை வேறு. நம் நாட்டில் ஒம்புட்ஸ்மன் எனப்படும் நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளரின் பதவி 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்தது; அரச உத்தியோகத்தரின் செயலால் உரிமை பாதிக்கப்பட்டவர்களுக்கே அது பயன்படும். தனியாரோ தர்ம நிறுவனமோ நடத்தும் இல்லத்தில் சோறு வேகவில்லை என்பதற்கு அவரிடம் போகமுடியாது. முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமே உங்களுக்கு உரியது. முதியோருக்கான தேசிய சபை அச்சட்டத்தின் கீழ் உருவானது. பிரதேச செயலகத்தில் உள்ள முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் தொடங்குங்கள்.

கேள்வி: ஞாயிறுதோறும் ஒரு முதியோர் இல்லத்துக்குச் சென்று வயோதிபர்களோடு பேசிவருகிறேன். அமெரிக்கத் தொண்டர்களைப் போல நானும் பதிவு வைக்கலாமா?
(இளைஞர் ஒருவர், பண்டாரவளை)

பதில்: தாராளமாக வைக்கலாம், தம்பி, ஒரு சீ.ஆர். கொப்பி போதும். திகதி, அவர் சொன்னது அவருடைய வார்த்தையிலேயே, பிறகு மேலே கொண்டுபோக அவர் சம்மதித்தாரா என்பது. அமெரிக்கத் திட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் விதி இதுதான்: சம்மதமின்றி அவருடைய பெயர் வெளியே போகாது. 'சொல்லிடாதப்பா' என்று உங்கள் கையைப் பிடிப்பவரின் பெயரைக் கொப்பியிலும் எழுதவேண்டாம். குறையை மட்டும் எழுதுங்கள். குறையே சொல்லாத நாட்களையும் பதிவு செய்யுங்கள், அப்போது பக்கத்தில் யார் நின்றார் என்பதோடு. நடவடிக்கை எடுக்கப்பட்டதாக நிர்வாகம் சொன்னால், அடுத்த ஞாயிறு அவரிடமே திரும்பக் கேட்டு, அவர் சொல்வதை அதற்குக் கீழே எழுதுங்கள்.

இல்லத்தை உத்தியோகத்தர்கள் எப்போது பார்வையிட்டார்கள், என்ன கண்டார்கள் என்பதை அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உதவும். காரணம் சொல்லத் தேவையில்லை; தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தைச் சொல்லவேண்டும். தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அதை எழுதிக்கொள்வது அந்த உத்தியோகத்தரின் கடமை. ஆதலால் நடமாடக்கூடிய ஒரு பாட்டி உங்களோடு பிரதேச செயலகத்துக்கு வந்து தாமே கேட்கலாம். கொப்பியை மட்டும் இல்லத்தின் அலுவலக மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.