கடை பூட்டிய பிறகு நடக்கும் சேதத்தைக் கேமரா தடுக்குமா?

கேள்வி: பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை. ராத்திரியில் வாசலில் குடிக்கிறார்கள், பாட்டிலை உடைக்கிறார்கள், போன வாரம் போர்டும் கண்ணாடியும் போய்விட்டன. கேமரா வைத்தால் போதுமா?

போதாது. யார் உடைத்தது என்று கேமரா காட்டும். போதையில் இருப்பவன் அதை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். ஷட்டரை இறக்கிய பிறகு உங்கள் வாசல் யாருக்கு வசதியாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அகலமான படி, மேலே சன்ஷேடு, தெருவிளக்கு எட்டாத மூலை மூன்றும் சேர்ந்தால் அதுதான் குடிகாரர்களுக்கு மதுபான பார். அவர்களுக்குள் தகராறு வந்தால் அடி உங்கள் போர்டில் விழும்.

எங்கள் எலக்ட்ரிகல் கடையில் படிக்கு வெளியே மடக்குக் கம்பிக் கதவு போட்டோம். உட்கார இடம் போனதும் கூட்டமும் போய்விட்டது. படி உங்கள் பட்டா இடத்துக்குள் இருந்தால்தான் இதைச் செய்யலாம். ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தால் நகராட்சி நோட்டீஸ் வரும். அப்போது படியை இடித்துச் சாய்தளமாக்கிவிடுங்கள்.

சன்ஷேடுக்கு அடியில் 10 வாட் எல்இடி ஒன்று விடிய விடிய எரியட்டும். மாதம் 4 யூனிட்கூட ஆகாது. சென்சார் லைட் வேண்டாம், தெருநாய் போனாலும் எரியும், யாரும் கண்டுகொள்வதில்லை. ரோடு வேலைக்குக் கொட்டிய ஜல்லியும் உடைந்த செங்கல்லும் வாசலில் கிடந்தால் அன்றைக்கே அள்ளிவிடுங்கள். கண்ணாடி மேல் பறப்பது பெரும்பாலும் காலடியில் கிடக்கும் கல்தான்.

இதற்கெல்லாம் அப்புறம் கேமரா. தலைக்கு நேர் மேலே மாட்டினால் வழுக்கையும் தொப்பியும்தான் பதிவாகும். முகம் தெரிகிற கோணம் பாருங்கள். ராத்திரியில் அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டும், அந்த வலை வெளிச்சத்தைத் திருப்பி அடித்துப் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். அவ்வப்போது ஒட்டடை அடிப்பதும் கேமரா பராமரிப்புதான். கேமரா பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஹார்டுடிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவு அழிந்துவிடும் என்பதால் சம்பவம் தெரிந்த அன்றே பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

கூட்டிப் பெருக்குவதற்கு முன் போட்டோ எடுங்கள். கண்ணாடிக் கடையில் கொட்டேஷன் வாங்கிப் புகாரோடு இணையுங்கள். தொகையைப் பொறுத்து உட்பிரிவே மாறும். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆம் பிரிவில், சேதம் 20,000 ரூபாயைத் தொட்டால் 2 ஆண்டு வரையும், ஒரு லட்சத்தைத் தொட்டால் 5 ஆண்டு வரையும் சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. எப்ஐஆர் போடாவிட்டாலும், புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள்.

புதுக் கண்ணாடி போடும்போது லேமினேட்டட் கேளுங்கள். டஃபன்ட், அதாவது சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடி, உடைந்தால் பொடிப்பொடியாகக் கொட்டிக் கடை திறந்துகிடக்கும். லேமினேட்டட் விரிசல் விட்டாலும் நடுவில் உள்ள பிலிம் அதைப் பிடித்து நிறுத்தும். விலை கூடுதல்தான், ஆனால் விடியும்வரை கடை மூடியே இருக்கும்.

இன்சூரன்ஸ் இருந்தால் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். தீ விபத்துப் பாலிசியில் கலவரமும் வேண்டுமென்றே செய்யும் சேதமும் வழக்கமாகவே அடங்கும். கடைக்காரர் பாலிசிகளில் கண்ணாடிக்கும் போர்டுக்கும் பெரும்பாலும் தனிப் பிரிவு இருக்கும். அதைச் சேர்க்கச் சொல்லி ஏஜென்டிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும்.