மருந்துக்கு முன் மூச்சை எண்ணுங்கள்: உப்புநீர் மீன் நோய் கேள்வி பதில்

புது மீனை முதலில் தனியாக வைத்துப் பார்க்கும் தனிமைத் தொட்டியில் மீன் நோயாகிக் கிடந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்கும்போது நான்கு விஷயங்களை எழுதிவிடுங்கள்: என்ன மீன், வந்து எத்தனை நாள், நீரில் அமோனியா (மீன் கழிவிலிருந்து சேரும் நஞ்சு) எவ்வளவு, ஒரு நிமிடத்தில் செவுள் எத்தனை முறை திறந்து மூடுகிறது. கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் எழுதுவதில்லை, எனக்கு முதலில் வேண்டியதும் அதுதான்.

கேள்வி: அண்ணா, ப்ளூ டாங், வந்து 9 நாள். துடுப்பிலும் உடம்பிலும் உப்புத் தூவியதுபோல 15 புள்ளி இருந்தது. புள்ளி தெரிந்து நான்காம் நாளான இன்று பார்த்தால் ஒன்றுகூட இல்லை. மருந்தே போடவில்லை. தானாகக் குணமாகிவிட்டதா?

பதில்: இல்லை. ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கியிருக்கிறது, தொட்டியை விட்டுப் போகவில்லை. நீங்கள் சொல்வது கிரிப்டோகாரியன், நாம் இக் என்று சொல்வது. மீனின் தோலுக்குள் 3 முதல் 7 நாள் தின்று கொழுக்கும், அதுதான் கண்ணுக்குத் தெரியும் புள்ளி. பிறகு உதிர்ந்து, தொட்டியின் அடியிலோ குழாயிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி உறை கட்டும். உள்ளேயே பல நூறாகப் பிரிந்து, சில நாளிலோ சில வாரத்திலோ உறையை உடைத்துக்கொண்டு மீன் தேடி நீந்தும். இப்போது உங்கள் தொட்டி அந்த உறைக் கட்டத்தில் இருக்கிறது. 15 புள்ளி உதிர்ந்தது என்றால் அடுத்த சுற்றில் வரப்போவது 15 அல்ல.

இதற்கு மருந்து காப்பர், அதாவது செம்புக் கரைசல். அது கொல்வது நீந்தித் திரியும் அந்தக் குஞ்சுகளை மட்டும்தான். தோலுக்குள் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் தொடாது. அதனால்தான் 30 நாள் அளவு குறையாமல் வைத்திருக்கச் சொல்கிறோம், உறையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொன்றும் காப்பரில்தான் வந்து விழ வேண்டும். அயனி காப்பர் என்றால் லேபிள் சொல்லும் அளவு, பெரும்பாலும் 0.5 பிபிஎம் (லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்). கீலேட் செய்தது, அதாவது வேறு சேர்மத்தோடு பிணைத்தது என்றால் 2.0 முதல் 2.5 பிபிஎம். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டால் மீன் செத்துப்போகும், லேபிளைப் படியுங்கள். இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏற்றுங்கள். காப்பர் அளக்கும் டெஸ்ட் கிட் இல்லாமல் காப்பர் புட்டியைத் திறக்கவே வேண்டாம். தொட்டியில் மணலும் லைவ் ராக்கும் (நுண்ணுயிர் வாழும் கடல் பாறை) இருந்தால் எடுத்துவிடுங்கள், அவை காப்பரை உறிஞ்சிக்கொள்ளும். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டு போதும்.

செவுள் எண்ணிக்கை எழுதவில்லையே? எண்ணிவிட்டு வாருங்கள்.

கேள்வி: காப்பர் 40 லிட்டருக்கு எத்தனை சொட்டு சார்?

பதில்: சொட்டுக் கணக்கு சொல்ல மாட்டேன். டெஸ்ட் கிட் காட்டும் எண்தான் கணக்கு.

கேள்வி: ஒரு ஜோடி கோமாளி மீன். உடம்பில் வெள்ளையாகச் சளி, தோல் இழை இழையாக உரிகிறது. 2 நாளாகக் காப்பரில் இருக்கின்றன, இன்னும் மோசம்.

பதில்: காப்பரை விடுங்கள், இது புரூக்லினெல்லா. கோமாளி மீனுக்கு அதிகம் வருவதால் அதன் பெயராலேயே சொல்லும் வியாதி, காப்பருக்கு அசையாது. ஃபார்மலின் குளியல்தான் வழி. தனி வாளியில் அதே தொட்டி நீர், லிட்டருக்கு 0.15 மில்லி, 30 முதல் 60 நிமிடம், ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) முழு வேகத்தில். ஃபார்மலின் நீரிலுள்ள ஆக்ஸிஜனைக் குறைத்துவிடும், அதனால் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். புட்டியின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அதை மீனுக்குக் காட்டாதீர்கள், அது கொடிய விஷம். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அது உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது. குளியல் முடிந்ததும் பழைய தொட்டிக்குத் திருப்பி விடாமல், காப்பர் இல்லாத சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். ஃபார்மலின் கிடைக்காவிட்டால் தண்ணீரில் மெட்ரோனிடசோல் மருந்து. இன்று இரவே செய்யுங்கள், இந்த வியாதி நாட்கணக்கில் கொல்லும்.

கேள்வி: புள்ளி எதுவும் இல்லை. ஆனால் மஞ்சள் டாங் பவர்ஹெட் (நீரைத் தள்ளும் மோட்டார்) நீரோட்டத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. விளக்கு போட்டால் ஒளிகிறது. நேற்று முதல் சாப்பிடவில்லை. செவுள் நிமிடத்துக்கு 150.

பதில்: எண்ணி எழுதியதற்கு நன்றி. முதலில் அமோனியா பாருங்கள், அமோனியா ஏறினாலும் இப்படித்தான் இரைக்கும். அது சுத்தமாக இருந்தால் இதை வெல்வெட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வெல்வெட்டின் ஒட்டுண்ணியான அமிலூடினியம் முதலில் செவுளைத்தான் பிடிக்கும். உடம்பில் பொன்தூள் படிவதைப் பார்க்க வேண்டுமென்றால் அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் டார்ச் அடித்து, மீன் திரும்பும் அந்த ஒரு நொடியில் பாருங்கள். ஆனால் பெரும்பாலும் தூள் தெரிவதற்குள் மீன் போய்விடும். தூளுக்காகக் காத்திருக்காதீர்கள்.

இப்போதே நன்னீர்க் குளியல், 5 நிமிடம். குளோரின் நீக்கிய நீர், வெப்பமும் பிஎச்சும் தொட்டிக்குச் சமமாக, நன்றாகக் காற்று விட்டது. இது குணப்படுத்தாது, செவுளில் அடைத்திருப்பதில் கொஞ்சம் உதிர்ந்து மீன் மூச்சுவிட அவகாசம் கிடைக்கும். பிறகு சுத்தமான தொட்டியில் காப்பர். இக்குக்குச் சொன்னதுபோல மெதுவாக ஏற்ற நேரமில்லை, 24 மணி நேரத்துக்குள் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

என் முதல் டாங்கை நான் இப்படித்தான் இழந்தேன். மூன்று நாள் நீரோட்டத்தில் நின்றது, நீரோட்டம் அதற்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். காலையில் அடியில் கிடந்தது, உடம்பில் ஒரு புள்ளி இல்லை. அன்றிலிருந்து புது மீன் வந்ததும், நன்றாக இருக்கும்போதே, ஒரு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணி எழுதிவைக்கிறேன். மீனுக்கு மீன் மாறும், அதனால் அதனுடைய சாதாரண எண் தெரிந்தால்தான் ஏறியதா என்று சொல்ல முடியும்.

கேள்வி: காப்பர் தொட்டியில் அமோனியா ஏறிவிட்டது. அமோனியா கட்டும் திரவம் ஊற்றலாமா?

பதில்: ஊற்றவே கூடாது. அந்தத் திரவங்களில் பல, காப்பரின் தன்மையை மாற்றி மீனுக்கு இன்னும் விஷமாக்கிவிடும். தண்ணீர் மாற்றுங்கள், மாற்றும் நீரிலும் அதே அளவு காப்பர் கலந்து. அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா பிடித்த, பழகிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை எப்போதும் தயாராக வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

கேள்வி: பவளம் வெளிறிக்கொண்டே போகிறது, என்ன மருந்து?

பதில்: பவளம் என் துறை இல்லை. அதில் தேர்ந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: நன்னீர்க் குளியலில் ஏஞ்சல் மீனிலிருந்து எள் அளவில் வெள்ளையாக ஏதோ வாளியின் அடியில் விழுந்தது. செதிலா?

பதில்: தட்டைப்புழு. உப்புநீரில் கண்ணாடிபோல இருக்கும், நன்னீர் பட்டதும் வெளுத்துவிடும். ப்ராஸிகுவான்டெல் என்ற புழு மருந்து போடுங்கள். முட்டையை அது கொல்லாது, அதனால் 5 முதல் 7 நாள் கழித்து இரண்டாம் முறை கட்டாயம்.

கேள்வி: இவ்வளவு எதற்கு என்று புரியவில்லை. இக் எல்லாத் தொட்டியிலும் இருக்கத்தான் செய்கிறது. நல்ல தீனி, நல்ல நீர், யுவி விளக்கு. 3 வருடமாக என் மீன்கள் நன்றாக இருக்கின்றன. காப்பரில் 30 நாள் வதைப்பதுதான் மீனைக் கொல்கிறது.

பதில்: முதல் வரியை ஒப்புக்கொள்ள மாட்டேன். இக் மீன் இல்லாமல் வாழ முடியாத உயிர். மீனே இல்லாத தொட்டியில் உறை உடைந்து வரும் குஞ்சு ஓரிரு நாளில் செத்துவிடும். காற்றிலிருந்து முளைப்பதில்லை, மீனோடோ ஈரமான ஏதோ ஒன்றோடோதான் வருகிறது. ஆகவே தொட்டி சுத்தமாக இருக்க முடியும்.

அதே நபர்: அப்படியென்றால் என் மீன்களில் ஏன் புள்ளியே இல்லை?

பதில்: பிழைத்த மீனுக்குச் சில மாதம் எதிர்ப்பு சக்தி இருக்கும், அது உண்மை, நீங்கள் பார்ப்பதும் பொய்யல்ல. ஆனால் செவுளுக்குள் ஒன்றிரண்டு தங்கி, புள்ளியே காட்டாமல் சுற்று ஓடிக்கொண்டிருக்கும். யுவி எண்ணிக்கையைக் குறைக்கும், அதன் வழியாகப் போகாத குஞ்சை எப்படிக் கொல்லும்? ஒரு புது டாங் உள்ளே விடுங்கள், அல்லது ஒரு நாள் மின்சாரம் போய் நீர் குளிரட்டும், அன்றைக்குத் தெரியும்.

இன்னொருவர்: எனக்கு அதுதான் நடந்தது. 2 வருடம் ஒன்றுமில்லை, ஹீட்டர் கெட்டதும் ஒரே வாரத்தில் 5 மீன்.

அதே நபர்: ஒருவருடைய ஹீட்டர் கதையை வைத்து முடிவு செய்யாதீர்கள். காப்பர் வதை இல்லையா, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பதில்: அது நியாயமான கேள்வி. காப்பரில் பல மீன்களுக்குப் பசி குறையும், சில வகைக்கு அறவே ஆகாது. மாண்டரின், குட்டி ஏஞ்சல் போன்றவற்றில் நானே தயங்குவேன். இக் மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மருந்தே வேண்டாம்: இரண்டு தொட்டி, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனை மட்டும் மாற்றி, விட்டுவந்த தொட்டியைக் கழுவி முழுக்கக் காயவிட்டு, நான்கு மாற்றம். உதிர்ந்த உறையை விட்டுவிட்டு மீன் முன்னே போய்க்கொண்டே இருக்கும். உப்பு அடர்த்தியை 1.009க்கு இறக்குவதும் இக்குக்கு வேலை செய்யும். இரண்டும் வெல்வெட்டிடம் தோற்கும். எது என்ன நோய் என்று முதலில் பாருங்கள் என்று நான் கத்துவது இதற்காகத்தான். உங்கள் தொட்டியை உங்கள் வழியில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மீன், உங்கள் முடிவு. ஆனால் புதிதாக வருபவரிடம் 'எல்லாத் தொட்டியிலும் இருக்கிறது' என்று சொல்லாதீர்கள். அதை நம்பித்தான் பலர் தனிமைத் தொட்டியே வைப்பதில்லை.

கேள்வி: இக் வந்த பெரிய தொட்டியை மீன் இல்லாமல் 45 நாள் விட்டால் போதுமா, 76 நாளா?

பதில்: உறைக்குள் 72 நாள் இருந்து வெளிவந்ததாகப் பதிவு இருக்கிறது, 76 அதிலிருந்து வந்த கணக்கு. வெதுவெதுப்பான நீரில் 45 நாளில் முடித்தவர்களும் உண்டு. நான் 76 காத்திருப்பேன். அந்த நாட்களில் பெரிய தொட்டிக்கும் தனிமைத் தொட்டிக்கும் ஒரே வலையைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் 10 அடி தள்ளி இருக்கட்டும், வெல்வெட் நீர்த்திவலையில் தொற்றித் தாண்டும்.

கேள்வி: பூண்டு போட்டால் இக் போகுமா?

பதில்: போகாது.

கேள்வி: டெஸ்ட் கிட் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை அரை அளவு காப்பர் போட்டு வைக்கலாமா?

பதில்: மூன்றாம் முறை இதே கேள்வி. வேண்டாம். அரை அளவில் ஒட்டுண்ணி சாகாது, மீன் மட்டும் தளரும். கிட் வரும்வரை 72 மணி மாற்றம் செய்யுங்கள்.

ப்ளூ டாங் கேட்டவர், 5 நாள் கழித்து: அண்ணா, புள்ளி திரும்பி வந்துவிட்டது, இந்த முறை எண்ண முடியவில்லை. செவுள் 95. நீங்கள் கேட்ட அன்று எண்ணியபோது 80. கீலேட் காப்பர், கிட் இரண்டும் வந்துவிட்டன, இப்போது 1.2இல் இருக்கிறது. சாப்பிடுகிறது.

பதில்: சாப்பிடுகிறது என்பது நல்ல செய்தி. நாளை மாலைக்குள் 2.0ஐத் தொடுங்கள். தொட்ட பிறகும் சில நாள் புள்ளி இருக்கும், அது ஏற்கெனவே தோலுக்குள் போனது, பயந்து அளவை ஏற்றாதீர்கள். 30 நாளை இன்றிலிருந்து அல்ல, 2.0 தொட்ட நாளிலிருந்து எண்ணுங்கள். இடையில் ஒரு நாள் 2.0க்குக் கீழே இறங்கினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. காலையும் மாலையும் செவுள் எண்ணி இங்கே எழுதுங்கள், 120ஐத் தாண்டினால் உடனே சொல்லுங்கள், வெல்வெட்டும் கூட இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.