பான்ஃப் முதல் ஜாஸ்பர் வரை: இருவராகக் காரில் போகிறவர்களுக்குச் சில பதில்கள்

கனடாவின் கால்கரியில் குடியேறிய பிறகு நானும் மனைவியும் ராக்கி மலைப் பூங்காக்களுக்குப் போகாத கோடை இல்லை. வண்டி என் பொறுப்பு, விலங்குகளைக் கண்டுபிடிப்பது அவள் பொறுப்பு. இந்தப் பயணம் பற்றி எனக்கு வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, போன மாதம்தான் கல்யாணம் ஆனது. டொராண்டோவிலிருந்து வருகிறோம், கையில் ஐந்து நாள். பான்ஃப், ஜாஸ்பர், யோஹோ, கூட்னே என்று நான்கு பூங்காவையும் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம் தம்பி, கார் கண்ணாடி வழியாக மட்டும். கூட்னேயை விட்டுவிடுங்கள். யோஹோவுக்கு லேக் லூயிஸிலிருந்து அரை நாள் ஒதுக்கி எமரால்ட் ஏரியும் டக்காக்கா அருவியும் பார்த்துவிட்டு வந்தால் போதும். அருவி 373 மீட்டர் உயரம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்.

கால்கரி விமான நிலையத்திலிருந்து பான்ஃப் ஒன்றரை மணி நேரம். அங்கே இரண்டு இரவு தங்குங்கள். மூன்றாம் நாள் முழுவதையும் லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் போகும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே சாலைக்கே கொடுங்கள். 232 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரம்தான், ஆனால் நிற்காமல் ஓட்டுவதற்கு அந்தச் சாலை எதற்கு? போ (Bow) ஏரி, பேய்ட்டோ ஏரி, அத்தபாஸ்கா பனியாறு, சன்வாப்டா அருவி என்று இறங்கி ஏறினால் பொழுது போய்விடும். பிறகு ஜாஸ்பரில் இரண்டு இரவு. திரும்பும்போதும் அதே சாலைதானே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். எதிர்த்திசையில் வந்தால் மலைகள் வேறு முகம் காட்டும்.

கேள்வி: கரடியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று என் மனைவி ஒற்றைக்காலில் நிற்கிறாள். எங்கே, எப்போது பார்க்கலாம்?

உறுதி சொல்ல யாராலும் முடியாது. வாய்ப்பை மட்டும் கூட்டிக்கொள்ளலாம்.

முதலில் நேரம். விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் இரண்டு மணி நேரம். பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்விட்டு ‘ஒரு மானைக்கூடக் காணோம்’ என்று வருத்தப்படுகிறவர்கள்தான் அதிகம்.

அடுத்தது பருவம். மே கடைசியிலும் ஜூனிலும் மேல்மலையில் இன்னும் பனி கிடக்கும். கீழே சாலையோரம்தான் முதலில் புல்லும் டேன்டிலயன் பூவும் முளைக்கும், கரடிகள் அதைத் தின்ன இறங்கி வரும். ஜூலைக் கடைசிக்கு மேல் பஃபலோ பெர்ரி பழுத்ததும் அவை புதர்களுக்குள் போய்விடும்.

இடம் என்று கேட்டால் பான்ஃப் பக்கம் ‘போ வேலி பார்க்வே’ (Bow Valley Parkway) சாலை, வடக்கே ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே, ஜாஸ்பரில் மலீன் ஏரிக்குப் போகும் சாலை. போ வேலி சாலையின் கிழக்குப் பகுதியில் மார்ச் 1 முதல் ஜூன் 25 வரை இரவு 8 மணியிலிருந்து காலை 8 மணி வரை வண்டி போகக் கூடாது. விலங்குகள் நிம்மதியாக நடமாடத்தான் அந்த ஏற்பாடு. வசந்தத்தில் அந்தச் சாலைக்கு வேறு கட்டுப்பாடுகளும் உண்டு, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரடி தென்பட்டதும் அடுத்த குழப்பம் வரும்: கிரிஸ்லியா, கருங்கரடியா? நிறத்தை நம்பாதீர்கள். கருங்கரடியில் பழுப்பு நிறமும் உண்டு. தோள்மேல் திமில் போலச் சதை மேடு இருந்தால் கிரிஸ்லி. இதை நான் கற்றுக்கொள்ள மூன்று வருடம் ஆனது, என் மனைவி முதல் வருடமே சொன்னாள்.

கேள்வி: சாலையோரம் கரடி நின்றால் இறங்கிப் படம் எடுக்கலாமா?

கூடாது. வேகத்தைக் குறைத்து, வண்டிக்குள்ளிருந்தே ஒன்றிரண்டு படம் எடுத்துவிட்டு நகருங்கள். ஏற்கனவே பத்துக் கார் நின்றால் பதினொன்றாவதாகப் போய் நிற்காதீர்கள். கரடி, ஓநாயிடமிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அதாவது பத்துப் பேருந்து நீளம். எல்க், மூஸ் என்ற பெரிய மான் வகைகள், மலையாடு என்றால் 30 மீட்டர். தீனி போட்டால் 25,000 டாலர் வரை அபராதம் போட முடியும். அபராதத்தைவிட, மனிதரிடம் தின்று பழகிய கரடியைக் கடைசியில் சுட வேண்டிய நிலை வரும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்க்கைச் சாதுவான மான் என்று நினைத்துப் பக்கத்தில் போகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். மே, ஜூனில் குட்டி போட்ட பெண் எல்க், செப்டம்பரில் இணை தேடும் ஆண் எல்க், இரண்டும் துரத்தும்.

கேள்வி: கரடி ஸ்ப்ரேயை டொராண்டோவிலேயே வாங்கிக்கொண்டு வரட்டுமா? கொசு மருந்து மாதிரி உடம்பில் அடித்துக்கொள்ள வேண்டுமா?

ஐயோ, உடம்பில் அடித்துவிடாதீர்கள்! அதில் இருப்பது மிளகாயின் காரம். பாய்ந்து வரும் கரடியின் முகத்தை நோக்கி அடிப்பது அது. கைப்பையிலோ பெட்டியிலோ வைத்து விமானத்தில் கொண்டுவரவும் முடியாது. கால்கரியிலோ பான்ஃப்பிலோ வாங்குங்கள். இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும், பைக்கு அடியில் சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே கிடந்தால் பயனில்லை. வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விட்டுவிடாதீர்கள், சூட்டில் வெடிக்கக்கூடும்.

ஸ்ப்ரே தேவைப்படாமல் இருக்க ஒரே வழி சத்தமாகப் பேசிக்கொண்டே நடப்பது. திடீரென்று எதிரில் போய் நின்றால்தான் கரடி மிரளும். சத்தமாகப் பேச நம்மவர்களுக்குப் பயிற்சி தேவையில்லை.

கேள்வி: மொரெய்ன் ஏரிக்கு எங்கள் வாடகைக் காரிலேயே போகலாமா? காலை 4 மணிக்குக்கூடக் கிளம்பத் தயார்.

4 மணிக்குக் கிளம்பினாலும் முடியாது. 2023-லிருந்து அந்தச் சாலையில் சொந்தக் காரோ வாடகைக் காரோ போக அனுமதியில்லை. பார்க்ஸ் கனடா (தேசியப் பூங்காக்களை நடத்தும் அரசுத் துறை) ஷட்டில் பஸ் அல்லது தனியார் சுற்றுலா பஸ்தான். ஷட்டில் டிக்கெட்டில் ஒரு பகுதியை வசந்தத்திலேயே விற்றுவிடுவார்கள், மீதியைப் பயண நாளுக்கு இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறப்பார்கள். அது கால்கரி, பான்ஃப் பக்கத்து ‘மலை நேரம்’ (Mountain Time). டொராண்டோவில் அப்போது காலை 10. இதில் ஏமாந்த நண்பர்கள் எனக்கு உண்டு.

சாலையே ஜூன் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடு வரைதான் திறந்திருக்கும்.

கேள்வி: படங்களில் பார்க்கும் அந்த ஏரிகளின் நீல நிறம் உண்மையா, படத்தில் ஏற்றியதா?

உண்மைதான். பனியாறு நகரும்போது அடியிலுள்ள பாறையை மாவாக அரைக்கிறது. அந்த மாவு நீரில் மிதந்து நீலத்தையும் பச்சையையும் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. மே மாதம் வந்தால் நீலமும் இருக்காது, நீரும் தெரியாது. லேக் லூயிஸ் பெரும்பாலும் ஜூன் தொடக்கம்வரை உறைந்தே கிடக்கும்.

கேள்வி: ஜூலையா, செப்டம்பரா? அலுவலகத்தில் ஏதாவது ஒன்றுக்குத்தான் விடுப்பு.

என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசி வாரம். லார்ச் மரம் ஊசியிலை மரம்தான், ஆனால் இலையுதிர் காலத்தில் பொன்னிறமாகி உதிரும். மொரெய்ன் ஏரிக்கு மேலே லார்ச் பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சளாக நிற்கும். கூட்டமும் அப்போது அங்கேதான். ஆனால் எல்க் கத்துவதை அந்த மாதத்தில்தான் கேட்க முடியும். அந்தப் பெரிய உடம்பிலிருந்து புல்லாங்குழல் கிறீச்சிடுவது மாதிரி ஒரு சத்தம். முதல்முறை கேட்டபோது யாரோ பிள்ளைகள் விசில் ஊதுகிறார்கள் என்று நினைத்தேன். குளிருக்கு மட்டும் தயாராக வாருங்கள், செப்டம்பரிலும் பனி கொட்டும்.

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் நாமக்கல். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவைப் பார்த்ததிலிருந்து மலைப்பாதை என்றாலே நடுக்கம். என் கணவருக்கு லைசென்ஸ் இல்லை, நான்தான் ஓட்ட வேண்டும்.

கொல்லிமலையை மறந்துவிட்டு வாருங்கள் தங்கச்சி. இங்கே சாலை பள்ளத்தாக்கின் அடியிலேயே அகலமாகப் போகும், மலைகள் இரு பக்கமும் நிற்கும். ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேயின் உச்சி போ கணவாயில் 2,000 மீட்டருக்கு மேல், ஆனால் ஏறுவதே தெரியாது. பனிக்காலம் வேறு கதை. நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை குளிர்கால டயர் கட்டாயம்.

பான்ஃப் பக்கம் நெடுஞ்சாலைக்கு மேலே புல்லும் மரமும் வளர்ந்த பாலங்களைப் பார்ப்பீர்கள். அவை விலங்குகள் கடப்பதற்கு. அங்கே ஆறு மேம்பாலங்களும் 38 சுரங்கப்பாதைகளும் உண்டு. நெடுஞ்சாலையோரம் போட்டிருக்கும் வேலியும் இவையும் சேர்ந்து விலங்குகள் வண்டியில் அடிபடுவதை 80 சதவீதத்துக்கு மேல் குறைத்துவிட்டன. ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேயில் அந்த வேலி கிடையாது. அந்தி நேரத்தில் கவனமாக ஓட்டுங்கள்.

கேள்வி: ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே வழியில் பெட்ரோல், போன் சிக்னல்?

இரண்டும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சஸ்காச்சுவான் ரிவர் கிராசிங்கில் ஒரே ஒரு பங்க், அதுவும் குளிர்காலத்தில் மூடியிருக்கும். ஒரு ஏப்ரலில் ‘பார்த்துக்கலாம்’ என்று அரை டேங்கோடு கிளம்பி, கடைசி நாற்பது கிலோமீட்டர் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டேங்கை நிரப்புங்கள், வரைபடத்தைப் போனில் முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 2024 காட்டுத்தீக்குப் பிறகு ஜாஸ்பரில் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

ஜூலை 2024-இல் ஊரின் கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிந்துபோனது. கரிந்த மரங்களைச் சாலையிலிருந்தே பார்ப்பீர்கள், மனம் கனக்கும். ஆனால் மலீன் ஏரி இருக்கிறது, அத்தபாஸ்கா அருவி இருக்கிறது. ராத்திரி வானமும் இருக்கிறது: 2011 முதல் ஜாஸ்பர் இருள்வானக் காப்பகம், அதாவது விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தைக் காக்கும் இடம். அந்த ஊர்க்காரர்களுக்குப் பிழைப்பே பயணிகள்தான். தங்கும் இடம் குறைந்துவிட்டது, அதனால் அறையை முதலில் பிடியுங்கள், விமான டிக்கெட்டை அப்புறம் போடலாம்.

கேள்வி: எங்களுக்குப் பான்ஃப்பில் ஒரே ஒரு காலைதான். எங்கே போகலாம்?

வெர்மிலியன் ஏரிகள். ஊரிலிருந்து காரில் ஐந்தே நிமிடம், டிக்கெட் வரிசை எதுவும் கிடையாது. சூரியன் வரும் முன் போய்ச் சாலையோரம் நிறுத்திவிட்டு உட்காருங்கள். காற்று இல்லாவிட்டால் ரண்டில் மலை தலைகீழாக நீரில் நிற்கும். வாத்துகள் வந்து அதைக் கலைக்கும்வரை பார்க்கலாம். பிளாஸ்க்கில் டீ எடுத்துப் போங்கள், அதை அறையிலேயே மறந்துவிடாதீர்கள். நாங்கள் மூன்று முறை மறந்திருக்கிறோம்.